படத்துக்கு முதுகு காட்டி நின்றவர்

செங்கம் சந்தையில் அவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் தாம் வரைந்த படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சந்தை ஓரத்துப் புளியமரத்தில் ஒரு பெரிய தாளைக் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு படிக்கிணறு, பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் இறங்கும் ஒரு கால். காலிலிருந்து வெள்ளை நூல் போல ஒரு புழு தொங்கியது. நரம்புச்சிலந்தி நோய்க்கான படம் அது. கிணற்றுக்குள் காலை வைக்காமல் கயிறு கட்டித் தண்ணீர் இறைக்கச் சொல்வது அதன் நோக்கம். வரைந்தவர் பக்கத்தில் நின்று கோலால் தொட்டு விளக்குவார் என்று காத்திருந்தேன். அவரோ மரத்தில் சாய்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வருகிற போகிற முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைப் புடவை, மணிக்கட்டு வரை நீண்ட கை வைத்த ரவிக்கை. பாதித் தூக்கத்தில் இருப்பவர் போன்ற கண்கள்.

அது சுபானு வருஷத்துக் கார்த்திகை. ஐப்பசியோ என்று எனக்கே சில சமயம் தோன்றும். ஆனால் அன்று சந்தையில் புது அவரைக்காய் குவிந்து கிடந்தது நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஐப்பசியில் அது வராது.

"படத்துக்கு விளக்கம் சொல்ல மாட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"படம் பேசுதான்னு கேட்டுக்கினு இருக்கேன் தம்பி. நீங்க குறுக்கால நிக்கறீங்க."

விலகி நின்றேன். கூட்டம் படத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்.

"ஒரு முகங்கூட நிக்கல. ஆம்பளக் காலப் போட்டுட்டேன். கெணத்துல எறங்கறது பொம்பளைங்கதானே? யார் காலோன்னு போறாங்க."

அடுத்த சந்தைக்கு அதே கிணறு, அதே தண்ணீர். காலில் மட்டும் மெட்டியும் கொலுசும் ஏறியிருந்தன. குடத்தோடு போன ஒரு பெண் நின்றாள். குடத்தை இறக்கி வைத்தாள். பிறகு தன் பாதத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மரத்தில் சாய்ந்திருந்தவர், நல்ல பாட்டைக் கேட்டவர் போலக் கண்களை மூடிக்கொண்டார்.

அவருடைய ஊர், பிறந்த வருஷம், தகப்பனாரின் தொழில் எல்லாம் எனக்குத் தெரியும். இவற்றைச் சேர்த்து வைப்பது என் வழக்கம். ஆனால் அவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தால் அவர் வருவதில்லை. வேறு யாரோ வருகிறார். ஆகவே இவ்வளவு போதும்: ஜவ்வாது மலையடிவாரத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பெண்கள் பள்ளியில் சித்திரமும் தையலும் கற்றுக்கொடுத்தவர். பிறகு அடிவாரத்து மருந்தகம் ஒன்றில் உதவிக்கு இருந்தார். என் மேலதிகாரி அவர் கைத்திறனைக் கேள்விப்பட்டு, சுகாதாரப் பிரசாரத்துக்குப் படம் போடும் வேலையை ஒப்படைத்தார். நான் வீடு வீடாகப் போய், பெரியம்மை வராமல் தடுக்கும் அம்மைப்பாலைக் கையில் குத்துகிற, அதாவது அம்மை குத்துகிற வேலையில் புதிதாகச் சேர்ந்தவன். அடிவாரத்தில் அவரை டீச்சரம்மா என்றார்கள். மலைமேல் படக்காரம்மா.

மேலதிகாரிக்குப் பாட்டு எழுதும் ஆசை உண்டு. ஒவ்வொரு படத்தின் அடியிலும் தம் செய்யுள் ஒன்று இருக்க வேண்டும் என்பார்.

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு நோட்டீஸ் குடுத்துடுங்க ஐயா. இது தெரியாதவங்களுக்கு" என்று இவர் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. கடைசியில் இவர் அந்தச் செய்யுளைப் படத்தின் அடியில் எழுதினார். மஞ்சள் தரையின்மேல் மஞ்சள் எழுத்தில். மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிப் போனார்.

யுத்த காலம் அது, காகிதம் கிடைக்கவில்லை. தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் குழந்தைகளுக்கு பைபிள் கதை சொல்லப் பயன்பட்ட பெரிய சுருள் படங்கள், ஓரம் கிழிந்து, ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அவற்றின் பின்பக்கத்தில்தான் வரைவார். துணிக்குப் போடும் நீலம், காவிக்கல், சுண்ணாம்பு, விளக்குக்கரி, மஞ்சள், விளாம்பிசின். இவ்வளவுதான் அவரிடம் இருந்த வர்ணங்கள். விடிகாலையில் மலைப்பாதையில் அந்தத் தாளைக் கட்டும்போது, சூரியன் பின்னாலிருந்து வந்தால், மறுபக்கத்துப் படமும் சேர்ந்து தெரியும். படிக்கிணற்றுக்குள் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த மேய்ப்பர் நிற்பார். கொசு வலையின் மேல் பெரிய மரப்பேழை மிதக்கும். பனிமூட்டம் கலைகிற வரைக்கும் அது இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நேரத்தில் மட்டும் அவர் தம் படத்தைத் தாமே நின்று பார்ப்பார். "இன்னொருத்தர் கனவுல நான் வந்து நிக்கிற மாதிரி இருக்குது தம்பி" என்றார் ஒருநாள். வெயில் ஏறியதும் பேழை மறைந்துவிடும். இவர் திரும்பி நின்றுகொள்வார்.

முதலில் பசை தடவித்தான் ஒட்டினோம். கேழ்வரகுக் கூழ்ப் பசை. ஆடுகள் வந்து படத்தோடு தின்றுவிட்டுப் போயின. கசந்தால் தின்னாது என்று வேப்பிலையை அரைத்துக் கலந்தார். வேப்பிலையை ஆடுகள் எவ்வளவு விரும்பும் என்பது எங்கள் இருவருக்கும் நினைவு வரவில்லை. மறுநாள் பாறையில் ஒரு துணுக்குத் தாள்கூட மிச்சமில்லை. "பாக்கறவங்களப் பத்தி மட்டும் யோசிச்சேன். தின்னறவங்கள மறந்துட்டேன்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கயிற்றால் உயரத்தில் கட்டினோம்.

கள்ளுக்கடைப் படத்தின் கதையை அவரே எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். மூடியிருந்த கள்ளுக்கடைகளை யுத்தத்தின் நடுவில் மீண்டும் திறந்த புதிது. பனைமரத்தடியில் ஒருவன் குடித்துவிட்டுக் கிடக்கிறான். தூரத்தில் அவன் மனைவியும் குழந்தையும் காலிப் பானையோடு நிற்கிறார்கள். படத்தைக் கட்டியதும் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். நகரவே இல்லை. இவருக்கு மகிழ்ச்சி. பிறகு அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். எல்லா முகத்திலும் தாகம். கிடக்கிறவனின் தூக்கத்தை அவ்வளவு சுகமாக வரைந்துவிட்டார். மாலையில் கள்ளுக்கடைக் குத்தகைக்காரரே வந்தார்.

"டீச்சரம்மா, இன்னா கை உங்களுது! இதே மாதிரி ஒண்ணு நம்ம கடைக்குப் போட்டுக் குடுங்க. அந்தப் பொம்பளயும் புள்ளயும் மட்டும் வேணாம்."

அன்றே சுருட்டி வைத்துவிட்டார். "படம் நாம சொல்றதக் கேக்காது. பாக்கறவங்க சொல்றதத்தான் கேக்கும்" என்று அதன் பிறகு அடிக்கடி சொல்வார்.

அவர் முகம் முழுவதும் அம்மைத் தழும்பு. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பழகிய சில நாளில் அது கண்ணில் படாமல் போய்விடும். எழுதும்போதும் அப்படியே ஆகிவிட்டது. சந்தையில் யாராவது, "அம்மி கொத்தின மூஞ்சி" என்று காதில் விழும்படி சொன்னால், "நல்லா கொத்தினா நல்லா அரைக்கும்" என்பார். அதில் கோபம் இருக்காது.

அடுத்து வந்த தாரண வருஷம் தை மாதத்தில், மலையின் மறுசரிவில் அம்மை கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. இந்தப் பக்கத்தில், சாமைக்காடுகளுக்கு நடுவே, மேல்தும்பை என்று ஒரு சிறிய ஊர். அங்கே என் மருந்துப் பெட்டியைக் கண்டாலே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். அம்மை குத்தினால் ஆத்தா கோபித்துக்கொண்டு வந்துவிடுவாள் என்பது அவர்கள் பயம். குத்திய இடம் கொப்புளித்து இரண்டு நாள் காய்ச்சலும் வரும். அது அந்தப் பயத்துக்குச் சாட்சியாகிவிடும். மறுசரிவிலிருந்து நோய் இங்கே வருவதற்குள் அந்த ஊருக்கு அம்மை குத்தியாக வேண்டும்.

அவர் மூன்று படங்கள் வரைந்தார். முதல் படத்தில் அம்மை முத்து வாரிப்போட்ட ஒரு குழந்தை முகம். அந்த முத்துக்கள் எங்கெங்கே இருக்கும் என்பதற்குக் கண்ணாடியில் தம் முகத்தையே பார்த்துக்கொண்டார். இரண்டாவதில் நீட்டிய கை, அம்மை குத்தும் ஆள். மூன்றாவதில் சிரிக்கிற குழந்தை. எழுத்தே இல்லை. மலைப்பாதையின் அடியில் முதல் படம், நடுவழிச் சுனையருகே இரண்டாவது, மேலே நெல்லிமரத்தில் மூன்றாவது. ஏறிப் போகப் போகக் கதை விரியும். கட்டி முடித்து மேலிருந்து பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருவரும் வரவில்லை. அதைவிட மோசம், மருந்தகத்துக்குக் கால்புண்ணுக்கு மருந்து வாங்க வந்துகொண்டிருந்த மலைக்காரர்களும் நின்றுபோனார்கள்.

"சந்தையில என்னப் பாத்தா புள்ளைங்க மூஞ்சிய முந்தானையால மூடறாங்க. முந்தி அப்படி இல்ல தம்பி" என்றார். சற்று நேரம் விரலால் காற்றில் எதையோ வரைந்துகொண்டிருந்தார். "படத்த அவங்க கூடவே நடந்து பாக்கணும்."

சந்தை நாளன்று கோழி கூவும் முன்பே ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது மலை முழுக்கப் பனி. நெல்லிமரம் ஒரு நிழலாகத் தெரிந்தது. புளிக்கூடைகளோடு பெண்கள் இறங்கத் தொடங்கினார்கள். குளிருக்காக இவர் முக்காட்டை மூக்குவரை இழுத்து விட்டிருந்தார். அவரையும், பெட்டி இல்லாமல் வந்த என்னையும் யாரும் அடையாளம் காணவில்லை. இவர் அவர்களுக்கு முன்னால், அவர்கள் முகத்தைப் பார்த்தபடி, பின்புறமாகவே இறங்கினார். என் குடையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு பாதை பார்த்து நடக்க, மறுமுனை அவர் கையில்.

"இன்னாக்கா, பின்னாலயே எறங்கறே? வூட்ல எதனா மறந்துட்டு வந்துட்டியா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். பனிக்குள் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

நெல்லிமரத்துப் படத்தின் முன் ஒரு பெண் நின்று, இடுப்பிலிருந்த குழந்தையிடம், "பாரு, உன்னாட்டமே சிரிக்குது" என்றாள். சுனையருகே பேச்சு குறைந்தது. "இங்கதான் புடிச்சிக் குத்தறானுங்க" என்று ஒரு குரல் வந்தது. பாதையின் அடிக்கு வந்து, கடைசியாக இருந்த முத்து வாரிய முகத்தைக் கண்டதும் அந்தத் தாய் குழந்தையின் கண்ணைக் கையால் பொத்தினாள்.

"நல்லா இருந்த புள்ளய குத்திக் குத்தி இன்னா கதி ஆக்கிட்டானுங்க பாரு. அந்தப் படக்காரம்மாவும் அப்படித்தான் ஆனாங்களாம்."

அவர்கள் போய்விட்டார்கள். என் கையில் குடை லேசாகிவிட்டது. மறுமுனையை அவர் விட்டுவிட்டிருந்தார்.

எங்களுக்கு ஏறுவது போவது, இறங்குவது திரும்புவது. அவர்களுக்கு நாள் தொடங்குவதே இறக்கத்தில்தான். மலைக்குப் படம் கட்டப் போன நாங்கள் இருவரும், கீழே வீடு உள்ளவர்களுக்காகவே கட்டிவிட்டு வந்திருந்தோம்.

"மூணு படம் இல்ல தம்பி, நாலு படம் போட்டிருக்கேன்" என்றார் அவர். "நாலாவது நான்."

"வரிசையை மாத்திக் கட்டிடலாமே அம்மா."

"சாயங்காலம் அவங்க ஏறும்போது?"

மூன்றையும் அவிழ்த்து எடுத்து வந்தோம். சில நாட்கள் அவர் தூரிகையைத் தொடவில்லை. மருந்தகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் முகத்தையும் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அம்மை மேட்டைத் தாண்டி, மேல்தும்பைக்குப் பக்கத்து ஊரில் இறங்கிவிட்டது. மேல்தும்பைக்காரர்கள் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு, அதன்மேல் வேப்பிலை செருகி, ஊரை அடைத்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த மறுநாள் காலை, சிரட்டைகளில் சுண்ணாம்பும் காவியும் கரியும் எடுத்துக்கொண்டு, தாள் எதுவும் இல்லாமல், "வாங்க தம்பி, பெட்டியக் கொண்டாங்க" என்று கிளம்பினார்.

முள்ளடைப்புக்கு இப்பால் ஒரு செங்குத்தான பாறை. அப்பால் ஊர் கூடியிருந்தது.

"மேல வராதீங்க" என்றார் ஊர்க் கவுண்டர். "ஆத்தா பக்கத்துல வந்துட்டா. ஆரும் உள்ள வரக் கூடாது."

"வர மாட்டேங்க கவுண்டரே. இந்தப் பாறையில ஒரு படம் போட்டுட்டுப் போயிடறேன்."

தடுக்கவில்லை. அவர் வரையும்போது கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. சுண்ணாம்புக் கோட்டில் இரண்டு பெண்கள் எழுந்தார்கள். ஒரே உயரம், ஒரே புடவைக்கட்டு, ஒவ்வொருத்திக்கும் ஒரு கை நீட்டியபடி. ஒருத்தியின் முகம் முழுக்கக் காவிப் புள்ளிகள் வைத்தார். கை வெறுமையாக இருந்தது. மற்றவளின் முகத்தை வெறுமையாக விட்டு, கையில் இரண்டே இரண்டு புள்ளிகள் வைத்தார். அவ்வளவுதான். அதில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான்.

பிறகு வழக்கம்போலப் பாறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முக்காட்டை எடுத்தார்.

"தோ, அம்மி கொத்தின மூஞ்சி" என்றாள் கவுண்டரின் மனைவி. "குத்திக்கினா இப்படித்தான் ஆவோம்."

"மூஞ்சியப் பாத்தீங்க. கையையும் பாருங்க." ரவிக்கையின் நீண்ட கையைத் தோள்வரை சுருட்டினார். அந்தக் கை, குத்திய வடு ஒன்றுகூட இல்லாமல் இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நானே அறியவில்லை. "எனக்கு ஆரும் குத்தல. சின்ன வயசுல ஆத்தா வந்தா, மூஞ்சி பூரா எழுதிட்டுப் போயிட்டா." ஆத்தா என்ற சொல்லை அவர் வாயில் அன்றுதான் கேட்டேன்.

என்னைக் கூப்பிட்டார். சட்டைக்கையை மடித்துக் காட்டினேன். எனக்குக் குழந்தைப் பருவத்தில் குத்திய இரண்டு வடுக்கள் இருந்தன.

"இவன் மூஞ்சியப் பாரு, தோசக்கல்லாட்டம் வழவழன்னு கீது" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. ஒரு கண் பார்வை போன கிழவர் ஒருவர், முன்பு அம்மை வந்து பிழைத்தவர், முள்ளுக்கு அருகே வந்து பாறையைப் பார்த்தார். தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் கையில இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். அதன் பிறகு ஆளுக்கு ஆள் முகத்தையும் கையையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். படம் அந்த வேலையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டது.

நான் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே அடுத்து நடந்தது எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அவர் திடீரென்று படத்தின் பக்கம் திரும்பினார். ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் அப்படித் திரும்பி நான் கண்டதில்லை. முந்தானையை எடுத்து, இரண்டாவது பெண்ணின் கையை அவசர அவசரமாக அழிக்க ஆரம்பித்தார். ஈரச் சுண்ணாம்பு பாறையில் வழிந்தது.

கூட்டத்தின் கண்கள் எல்லாம் பின்வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் மேல் போய் நின்றிருந்தன. ஐம்பது வயதுக்காரி. முன்பு ஆத்தா வந்தபோது ஊரே காட்டுக்கு ஓட, இவள் ஒருத்தி மட்டும் நோயில் கிடந்தவர்களுக்கு வீடு வீடாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவள். அவள் முகத்தில் ஒரு புள்ளி விழவில்லை. ஆத்தா தொடாதவள் என்று அன்றிலிருந்து பெயர். அறுவடையில் முதல் படிச் சாமை அவளுக்குத்தான். பிறந்த குழந்தையின் நெற்றியை முதலில் அவள்தான் தொடுவாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அந்த நேரத்தில் எல்லோரும் பார்த்தது, அவள் முழங்கைவரை இழுத்துப் போர்த்தியிருந்த சேலையை, அதற்குள்ளும் இரண்டு புள்ளி இருக்குமோ என்று.

"அழிக்காத" என்றாள் அவள்.

முள்ளடைப்பு வரை வந்தாள். சேலையை விலக்கினாள். கையில் புளியங்கொட்டை அளவில் இரண்டு வடு.

"சின்னப் புள்ளையில எங்கப்பங்கூட சந்தைக்குப் போனப்ப, அடிவாரத்துல ஒருத்தரு வெல்லம் குடுத்து இட்டுக்கினு போயி குத்திட்டாரு. அப்பன் அடிப்பாருன்னு, சூடு பட்டிச்சின்னு சொல்லிட்டேன். அப்பால அதையே சொல்லிக்கினு வந்துட்டேன்."

படக்காரம்மாதான் முதலில் பேசினார். "நீங்க சொல்லியிருக்க வேணாம். நான் அழிச்சிட்டேன் பாருங்க."

"பாறையில அழிச்சிட்டே. இவங்க கண்ணுல எப்படி அழிப்பே?" என்றாள் அவள். பிறகு ஊரின் பக்கம் திரும்பினாள். "பக்கத்து ஊர்ல வூட்டுக்கு வூடு கெடக்கறாங்க. நாளைக்கி இங்கயும் கெடப்பாங்க. நான் ஒருத்தி எத்தினி வூட்டுக்குத் தண்ணி தூக்கறது?"

கவுண்டரின் மனைவிக்கு ஆறவில்லை. "அடியே, உன்ன ஆத்தா தொடலன்னு கோயில்ல கோழி அறுத்தோமேடி!"

"அறுத்த கோழிய நீங்கதானே தின்னீங்க?"

முதலில் ஒற்றைக்கண் கிழவர் சிரித்தார். பிறகு ஊரே சிரித்தது. கவுண்டரின் மனைவிகூட வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். கவுண்டர் குனிந்து ஒரு முள்கிளையை இழுத்து ஓரமாகப் போட்டார். அந்தச் சந்து வழியாகத்தான் என் பெட்டி உள்ளே போனது. முதலில் வந்தவள், அன்று பனியில் குழந்தையின் கண்ணைப் பொத்திய தாய். பொழுது சாயும் வரை கைகள் வந்துகொண்டே இருந்தன. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்தபடியே கையை நீட்டினார்கள். அழிந்த இடத்தில், "அந்தக் கையத் திரும்பப் போடு, என் கையாவே போடு. மூஞ்சி மட்டும் என்னுது வேணாம்" என்று அந்தப் பெண்ணே கேட்டுப் போட வைத்தாள்.

அந்தப் படத்தைத் தாளில் வரைந்து மற்ற மலையூர்களுக்கும் கொண்டுபோனோம். சில ஊர்களில் கை நீட்டினார்கள். சில ஊர்களில் காட்டுக்குள்தான் ஓடினார்கள். மேலதிகாரி பாராட்டி, செய்யுள் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். நானும் ஒருநாள் படக்காரம்மாவிடம், இதுவே அவருடைய சிறந்த படம் என்று சொன்னேன்.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. அது கூட்டத்துல பூந்து ஒருத்தியத் தேடிப் புடிச்சிடிச்சி" என்றார். "நான் ஏவி விட்டது. நிறுத்தத் தெரியல."

அதற்குப் பிறகு படம் கட்டும் இடத்துக்கு முந்தின நாளே போய், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கமாயிற்று.

பங்குனியில், பக்கத்து ஊரில் இன்னும் நோய் தணியாதபோது, மேல்தும்பையிலிருந்து அங்கே தண்ணீர் தூக்கப் போகிறார்கள் என்று கவுண்டர் சந்தையில் சொன்னார். மேட்டின் விளிம்பில் போகும் அந்தப் பாதை அடிவாரத்திலிருந்தே தெரியும். மாலையில் மருந்தக வாசலில் நின்று பார்த்தோம். காய்ந்த புல் பொன்னிறமாக இருந்தது. வானத்தை ஒட்டி, தலையில் குடமும் கையில் வேப்பங்கொத்துமாக நான்கு பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். போன தடவை ஆத்தா வந்தபோது தண்ணீர் தூக்கியவள் ஒருத்திதான்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"நாலு பேர்ல அன்னிக்கி கையக் காட்டினவங்க யாருன்னு தெரியுதா தம்பி?"

"இவ்வளவு தூரத்துல தெரியலம்மா."

"எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு, தூரிகைகளைக் கழுவ உள்ளே போனார்.